குட்டிக்கு வீடு பார்க்கிறோம்

லீடர்: ...அது சரி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு இருக்கா?

டிரைவர்: ஃப்ரிட்ஜுக்கா? பூட்டா?

லீடர்: கேள்விக்குக் கேள்வி கேட்கக் கூடாது. மேடம், நீங்களே சொல்லுங்க.

மேடம்: நான் எதுக்குச் சொல்றது? இன்னைக்குக் கேள்வி கேட்கிறது நீ. நான் ஓரமா உட்கார்ந்து டீ குடிக்கப் போறேன். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க டிரைவரம்மா, இந்த இல்லத்துல இப்ப இதான் முறை. முன்னெல்லாம் பிள்ளைய வளர்க்கக் கேட்கிறவங்க வீட்டை நாங்களே பார்ப்போம், நாங்களே முடிவு பண்ணுவோம், பிள்ளைய வண்டியில ஏத்தி அனுப்பிடுவோம். இப்ப பிள்ளைங்க பக்கத்துல இருந்து ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் ஃபைல் என் மேஜைக்கே வரும்.

டிரைவர்: அப்போ, குட்டி எங்க வீட்டுக்கு வர்றதா வேணாமான்னு இந்தப் பொண்ணுதான்...

லீடர்: குட்டியோட அக்கா. கூடப் பிறந்தவ. இங்க எல்லாரும் லீடர்னு கூப்பிடுவாங்க. நீங்களும் கூப்பிடலாம்.

டிரைவர்: சரிங்க லீடர்.

லீடர்: கிண்டலா?

டிரைவர்: பாதி கிண்டல், பாதி பயம். பஸ் ஓட்ட லைசென்ஸ் வாங்கப் போனப்போகூட எனக்கு இப்படிக் கை வேர்க்கல.

லீடர்: ஃப்ரிட்ஜ்.

டிரைவர்: ஆங், ஃப்ரிட்ஜ். பூட்டெல்லாம் இல்லம்மா. பூட்டு என்ன பூட்டு, அந்தக் கதவு சாத்தினாலும் நிக்காது. இடுப்பால ஒரு இடி இடிக்கணும். எங்க வீட்டுக்காரர் இடிச்சார்னா உள்ளே இருக்கிற முட்டையெல்லாம் உருளும்.

லீடர்: குட்டி இடிக்கலாமா?

டிரைவர்: இடுப்பு எட்டினா இடிக்கட்டும்.

லீடர்: கேட்காம திறக்கலாமான்னு கேட்கிறேன். இங்க சமையல் ரூமைப் பூட்டிடுவாங்க. ராத்திரி தண்ணி வேணும்னாக்கூட யாரையாவது எழுப்பணும். அவ எழுப்ப மாட்டா. தாகத்தோடயே தூங்கிடுவா. அதான் கேட்டேன்.

மேடம்: இப்ப பூட்டறது இல்லையே.

லீடர்: இப்ப நாங்க பத்துப் பேர்தான் இருக்கோம். எண்பது பேர் இருந்தப்போ பூட்டினீங்க. அப்போதானே அவ பழகினா.

மேடம்: ...சரி. அது எங்க தப்புதான்.

டிரைவர்: கேட்காம திறக்கலாம் லீடர். எழுதிக்கோ.

லீடர்: நான் எதையும் எழுதறது இல்ல. ஞாபகம் வச்சுப்பேன். அடுத்தது. கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?

டிரைவர்: யார் மேல?

லீடர்: பார்த்தீங்களா, மறுபடியும்.

டிரைவர்: ஐயோ, ஆமா. கோபம் வந்தா... சத்தம் போடுவேன். பாத்திரத்தை டங்கு டங்குன்னு வைப்பேன். அப்புறம் எதுக்குக் கோபம்னு எனக்கே மறந்து போயிடும்.

லீடர்: சரியாத்தான் இருக்கு.

டிரைவர்: என்ன சரியா இருக்கு?

லீடர்: உங்க பையனும் அதையேதான் சொன்னார். டங்கு டங்குன்னு.

டிரைவர்: என் பையன்கிட்ட பேசினியா? அவன் எங்கயோ தூரத்துல வெல்டிங் வேலை பார்க்கிறான். எனக்கே ஞாயித்துக்கிழமைதான் போன் பண்ணுவான்.

லீடர்: மேடம் போன்ல இருந்து பேசினேன். அவர்கிட்டதானே விசாரிக்கணும்? உங்ககிட்ட வளர்ந்த ஒரே ஆள் அவர்தான்.

டிரைவர்: மேடம், என்னங்க இது? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு விசாரிக்கல.

மேடம்: என்னைப் பார்க்காதீங்க. 'நம்பர் குடுங்க'ன்னா, குடுத்தேன்.

டிரைவர்: வேற என்ன சொன்னான் அந்தப் புண்ணியவான்?

லீடர்: கை ஓங்க மாட்டாங்கன்னார். ஸ்கூல்ல ஃபெயில் ஆனப்போ அவருக்கு முன்னாடி நீங்கதான் அழுதீங்களாம். அப்புறம்... நீங்க பாடறப்போ மட்டும் குட்டிய வெளியே அனுப்பிடச் சொன்னார்.

டிரைவர்: வரட்டும் அவன்.

லீடர்: அவருக்கு இதுல வருத்தம் இல்லையாம். 'என் ரூம் சும்மாத்தானே இருக்கு, ஆள் இருந்தா நல்லாத்தான் இருக்கும்'னார். ஆனா அவரோட பழைய சைக்கிளை மட்டும் யாருக்கும் குடுக்கக் கூடாதாம்.

டிரைவர்: அந்தத் துருப்பிடிச்ச சைக்கிளா? அதை யார் தொடப் போறா?

லீடர்: சரி, அடுத்தது. பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க 'இது யாரு'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

டிரைவர்: 'எங்க வீட்டுப் பொண்ணு'ம்பேன்.

லீடர்: 'எங்கிருந்து வந்தா'ன்னு கேட்டா?

டிரைவர்: 'இப்பத்தான் ஸ்கூல்ல இருந்து வந்தா, பசியோட இருப்பா, வழிய விடுங்க'ம்பேன். என்ன, மார்க்கு போடலாமா?

லீடர்: போடலாம். அது நல்ல பதில்.

மேடம்: இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேருக்கு இந்தக் கேள்வியிலதான் போச்சு.

லீடர்: ஒருத்தர் 'நாங்க செய்யற புண்ணியம்னு சொல்வோம்'னார். குட்டி என்ன உண்டியலா? அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன்.

டிரைவர்: நல்ல வேளை, என் வீட்டுக்காரரை நீ கேட்கல. அவர் சலூன் வச்சிருக்கார், பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். எதையாவது உளறி வச்சிருப்பார்.

லீடர்: அவரை அப்பவே பார்த்தாச்சு. வெளியே பெஞ்சுல உட்கார்ந்து குட்டிகிட்ட தலைய நீட்டிக்கிட்டு இருக்கார். அவ அவருக்கு ஜடை போட்டுக்கிட்டு இருக்கா.

டிரைவர்: இருக்கிற நாலு முடியிலயா?

லீடர்: நாலையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கா. அவர் கழட்டவே இல்ல. அதனால அவர்கிட்ட கேள்வி கேட்க வேண்டியது இல்லன்னு விட்டுட்டேன்.

டிரைவர்: ஊருக்கெல்லாம் முடி வெட்டற மனுஷன். வரட்டும், இப்படியே தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போறேன்.

லீடர்: சரி, முக்கியமான கேள்வி. குட்டி சனி, ஞாயிறு உங்க வீட்டுல வந்து தங்கினா இல்ல?

டிரைவர்: ஆமா, ரெண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்தா.

லீடர்: அப்போ ஏதாவது... உடைஞ்சுதா?

டிரைவர்: உடைஞ்சுதே. ஒரு கண்ணாடி டம்ளர்.

லீடர்: என்ன பண்ணீங்க?

டிரைவர்: 'செருப்பைப் போட்டுக்கோ, வெறுங்கால்ல நிக்காதே'ன்னு சொல்லிட்டுப் பெருக்கினேன்.

லீடர்: திட்டல?

டிரைவர்: கண்ணாடித் துண்டு குத்திடப் போகுதேன்னு கொஞ்சம் கத்தினேன். அது திட்டுல சேருமா?

லீடர்: சேராது.

மேடம்: இரு இரு. இது என்ன டம்ளர் கதை?

லீடர்: ஒண்ணும் இல்ல மேடம்.

மேடம்: ஒண்ணும் இல்லாம உன் காது ஏன் சிவக்குது?

லீடர்: ...அது எங்க வழக்கம். பிள்ளைங்களுக்குள்ள. யாராவது ஒரு வீட்டுக்குத் தங்கிப் பார்க்கப் போனா, ஒரு சாமானை உடைச்சுட்டு வரணும். வேணும்னே. அப்போ அவங்க முகம் எப்படி மாறுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லணும். நல்லா சிரிச்சுப் பேசறவங்க முகம்கூட அப்போ மாறிடும்.

மேடம்: எத்தனை நாளா நடக்குது இது?

லீடர்: நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்தே.

மேடம்: நாங்க வீட்டைப் போய்ப் பார்க்கிறோம், அக்கம்பக்கத்துல விசாரிக்கிறோம், டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கறோம்...

லீடர்: அதெல்லாம் நல்லதுதான் மேடம். ஆனா நீங்க போறப்போ யாரும் எதையும் உடைக்கிறது இல்லையே.

டிரைவர்: லீடர், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அப்புறம் நீ கண்டுபிடிச்சு மார்க்கைக் குறைப்பே. அந்த டம்ளரைக் குட்டி உடைக்கல.

லீடர்: உடைஞ்சுதுன்னாளே?

டிரைவர்: உடைஞ்சுது. உடைச்சது நான்.

லீடர்: நீங்களா? எதுக்கு?

டிரைவர்: சனிக்கிழமை காலையில சமையல் ரூம்ல டங்குன்னு சத்தம். எட்டிப் பார்த்தா, கையில ஒரு ஸ்டீல் டம்ளரை வச்சுக்கிட்டு நிக்கிறா. தரையில போடறா, எடுக்கிறா, பார்க்கிறா. மறுபடி போடறா. டம்ளர் பாட்டுக்கு உருண்டுக்கிட்டு இருக்கு. என்னைப் பார்த்ததும் ஓன்னு அழுகை. 'உடைய மாட்டேங்குது, அக்கா கேப்பா'ன்னு.

லீடர்: ஸ்டீல் டம்ளரா...

டிரைவர்: அலமாரியில கண்ணாடி டம்ளர் வரிசையா இருக்கு. அது குடிக்கிறதுக்குன்னே அவளுக்குத் தெரியல. ஷோவுக்கு வச்சிருக்கோம்னு நினைச்சிருக்கா.

லீடர்: இங்க எல்லாம் ஸ்டீல்தான். தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாமே. நான் அவகிட்ட 'டம்ளரை உடை'ன்னுதான் சொன்னேன். எந்த டம்ளர்னு சொல்லல... எனக்கே தோணல.

மேடம்: சிரிக்கிறதா அழறதான்னு தெரியல எனக்கு.

டிரைவர்: நான் சிரிச்சேன். அப்புறம் அவளையும் சேர்த்துக்கிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து ரெண்டு பேருமா கீழே விட்டோம். அவ கண்ணை மூடிக்கிட்டா. உடைஞ்சதும் ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு... இன்னொண்ணு போடலாமான்னு கேட்டா.

லீடர்: போட்டீங்களா?

டிரைவர்: போட்டோம். எனக்கும் ஆசையா இருந்துச்சு.

லீடர்: அப்போ அந்தப் பரீட்சை செல்லாது. நீங்களே உடைச்சா எப்படி?

டிரைவர்: செல்லாதா?

லீடர்: ...பரவாயில்ல. அதைவிட இது நல்லாயிருக்கு.

மேடம்: லீடர், மணி ஆகுது. இன்னும் எத்தனை இருக்கு?

லீடர்: ரெண்டு. நீங்க எதுக்கு வந்தீங்க? இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு?

டிரைவர்: உண்மையைச் சொல்லட்டுமா? முதல்ல ஒரு தடவை சாப்பாடு போடத்தான் வந்தோம். என் வீட்டுக்காரர் சலூன் திறந்து இருபது வருஷம் ஆச்சுன்னு. நீங்க எல்லாரும் வரிசையா நின்னு ஒரு பாட்டு பாடினீங்க. நன்றி சொல்ற பாட்டு.

லீடர்: அந்தப் பாட்டை ஆரம்பிச்சு விடறது நான்தான். முதல் வரிசையில இந்த ஓரம்.

டிரைவர்: வீட்டுக்குப் போய் இவர் சாப்பிடல. 'ஒரு வேளை சோத்துக்குப் பிள்ளைங்கள நிக்க வச்சுப் பாட வச்சுட்டோமே'ன்னு ரெண்டு நாள் புலம்பினார். சலூன்ல வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிப் புலம்பினார். அதுல ஒருத்தர்தான் சொன்னார், 'இப்ப இந்த இல்லத்தையெல்லாம் மூடப் போறாங்க, பிள்ளைங்கள வீட்டுல வச்சு வளர்க்க ஆள் தேடறாங்க, பயிற்சிகூடக் குடுக்கிறாங்க'ன்னு. மறுநாளே மேடத்தைப் போய்ப் பார்த்தோம்.

மேடம்: பாட்டை இப்ப நிறுத்தியாச்சு. சாப்பாடு குடுக்கணும்னு வர்றவங்ககிட்ட, 'பக்கத்துல ஒரு அம்மாவுக்கு வாடகை கட்ட உதவி பண்ணுங்க, அவங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் அவங்ககிட்டயே போயிடுவாங்க'ன்னு சொல்றோம். அப்படியே பாதிப் பேர் சொந்த வீட்டுக்கே போயாச்சு. யாருமே இல்லாத பிள்ளைங்களுக்குத்தான் இப்ப வெளியே வீடு பார்க்கிறோம்.

டிரைவர்: லீடர், இது மூடினா நீ எங்க போவே?

லீடர்: கேள்வி நான்தான் கேட்கணும்.

டிரைவர்: ஒண்ணே ஒண்ணு.

லீடர்: பெரிய பொண்ணுங்களுக்குன்னு ஒரு சின்ன வீடு எடுக்கிறாங்க. அஞ்சாறு பேர் இருப்போம். கூட ஒரு அக்கா இருப்பாங்க. நான் அங்க போறேன். ஞாயித்துக்கிழமை வந்து குட்டியப் பார்ப்பேன். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்.

மேடம்: அது அவளா எடுத்த முடிவு. நானும் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

லீடர்: மேடம், குட்டி வெளியே என்ன பண்றான்னு கொஞ்சம் பார்த்துட்டு வர்றீங்களா?

மேடம்: ஜடைதான் போட்டுக்கிட்டு இருப்பா.

லீடர்: இல்ல... கடைசிக் கேள்விக்கு நீங்க இருக்க வேண்டாம்.

மேடம்: ஓஹோ, அப்படியா? சரி, போறேன். பத்து நிமிஷம்.

லீடர்: கதவைச் சாத்திட்டுப் போங்க மேடம்.

டிரைவர்: என்ன லீடர், இப்படி முகம் மாறிப் போச்சு? அவ்வளவு கஷ்டமான கேள்வியா?

லீடர்: குட்டி... ராத்திரில படுக்கைய நனைச்சிடுவா.

டிரைவர்: ம்.

லீடர்: 'ம்'னா?

டிரைவர்: கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். மேடம் முன்னாடியே சொல்லியிருக்காங்க. போன வீட்டுல இருந்து உங்க ரெண்டு பேரையும் அதுக்காகத்தான் திருப்பி அனுப்பினாங்கன்னு.

லீடர்: 'எங்களுக்குச் சரிப்பட்டு வரல'ன்னுதான் சொன்னாங்க. ஆனா அதுக்காகத்தான். நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில். மெத்தையெல்லாம் வீணாப் போச்சுன்னாங்க. உங்க வீட்டுல அப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?

டிரைவர்: விரிப்பை உருவி மெஷின்ல போடுவேன். எனக்கு விடியறதுக்கு முன்னாடியே டியூட்டி. நான் எந்திரிக்கிறப்போ வீட்டுல ஒரு ஈ காக்கா எந்திரிக்காது.

லீடர்: அங்கிளுக்குச் சொல்வீங்களா?

டிரைவர்: யாரோட படுக்கையோ, அவங்க சொல்லச் சொன்னா சொல்வேன். வேண்டாம்னா வேண்டாம்.

லீடர்: சலூன்ல வந்து பேசிட மாட்டாரே?

டிரைவர்: அவர் வாய் நீளம்தான். ஆனா பிள்ளைங்க விஷயம்னா வாயைத் திறக்க மாட்டார். என் பையன் காதலிச்சதே எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அவருக்கு முதல் நாளே தெரியுமாம்.

லீடர்: மாடியில காயப் போடுவீங்களா? எல்லாரும் பார்க்கிற மாதிரி?

டிரைவர்: விரிப்புல விவரமா எழுதியிருக்கப் போகுது? துவைச்ச துணி, காயுது. அவ்வளவுதான்.

லீடர்: அங்க மெத்தைய வாசல்ல போட்டாங்க. போறவங்க வர்றவங்க கேட்டா, குட்டியக் கூப்பிட்டு நிக்க வச்சு, 'இவதான்'னு காட்டினாங்க.

டிரைவர்: கோபம் வந்துடுச்சு. டங்குன்னு வைக்க இங்க பாத்திரம் இல்லையே.

லீடர்: வளர வளர நின்னுடுமா அது?

டிரைவர்: பெரும்பாலும் நின்னுடும்.

லீடர்: நிக்கலன்னா? ரொம்பப் பெரிய பொண்ணா... பதினாலு, பதினஞ்சு வயசு ஆன பிறகும் நிக்கலன்னா?

டிரைவர்: டாக்டர்கிட்ட போவோம். பயத்துல வந்தாலும் சரி, உடம்புல ஏதாவது இருந்து வந்தாலும் சரி, ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. அதுவரைக்கும் மெஷின் இருக்கு. வெட்கப்பட அதுல ஒண்ணும் இல்ல.

லீடர்: நிஜமா?

டிரைவர்: நிஜமா.

லீடர்: சரி. முடிஞ்சுது. நீங்க பாஸ். குட்டியக் கூட்டிட்டுப் போங்க.

டிரைவர்: அவ்வளவுதானா?

லீடர்: அவளுக்கு வெண்டைக்காய் பிடிக்காது. ஆனா பிடிக்கும்னு சொல்வா, நம்பாதீங்க. தூங்கறப்போ லைட்டை அணைக்காதீங்க. அப்புறம்... அவ ரொம்பச் சமத்தா இருந்தா பயப்படறான்னு அர்த்தம். அடம் பிடிச்சா நல்லா இருக்கான்னு அர்த்தம்.

டிரைவர்: அப்படின்னா, நீ எப்பவாவது அடம் பிடிச்சிருக்கியா?

லீடர்: என்னைப் பத்தி எதுக்கு இப்போ?

டிரைவர்: எங்க மனு ஒருத்திக்கு இல்ல லீடர். முதல் நாள்ல இருந்தே ரெண்டு பேருக்கும்தான். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு மேடத்துகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்.

லீடர்: ரெண்டு... எதுக்குச் சொல்லல?

டிரைவர்: சொல்லியிருந்தா நீ இப்படி வந்து உட்கார்ந்து கேட்டிருப்பியா? குட்டிக்காகன்னா நீ எதையும் விட மாட்டே, தோண்டித் துருவிக் கேட்பே. உனக்காகன்னா 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்'னு எந்திரிச்சுப் போயிடுவே. மேடம் சொல்லியிருக்காங்க. அதனாலதான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கட்டும்னு இருந்தேன்.

லீடர்: இது ஏமாத்து.

டிரைவர்: கொஞ்சம் ஏமாத்துதான். வர்றியா?

லீடர்: நான் வரல.

டிரைவர்: எங்களைப் பிடிக்கலையா?

லீடர்: அது இல்ல.

டிரைவர்: வீடு சின்னதுன்னா?

லீடர்: அதெல்லாம் இல்ல... நான் வந்தா மறுபடியும் அவளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடுவாங்க. அவ தனியா வந்தா உங்க வீட்டுலயே இருந்துடுவா. நீங்க நல்லவங்க. அதனாலதான் சொல்றேன், நான் வேண்டாம்.

டிரைவர்: யாரும் யாரையும் அனுப்ப மாட்டாங்க.

லீடர்: உங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுல 'யாரு, யாரு'ன்னு அவங்க கத்தினப்போ எனக்குப் பேச்சே வரல. அவதான் முன்னாடி போய் நின்னு 'நான்தான்'னா. அப்போ அவளுக்கு அஞ்சு வயசு. நானும் பேசாம நின்னேன். மேடத்துக்குக்கூடத் தெரியாது... நனைச்சது குட்டி இல்ல.

டிரைவர்: தெரியும் கண்ணு. மேடம் சொன்னாங்களேன்னு குட்டி கட்டில்ல ஒரு ரப்பர் ஷீட் போட்டு வச்சிருந்தேன். ரெண்டு ராத்திரியும் அதுல ஒரு சொட்டு ஈரம் இல்ல. இன்னைக்குக் காலையில அதை எடுத்து உன் கட்டில்ல விரிச்சுட்டுத்தான் கிளம்பி வந்தேன்.